பட்டுத்திரையில் பனியும் மரவெட்டிகளும்: எல்டன் பென்னெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பசிபிக் கடலோரமாக, கிரேஸ் ஹார்பர் என்றொரு கழிமுகம் இருக்கிறது. அதன் கரையில் ஹோக்வியம் என்ற மரத்தொழில் ஊர். அங்கே வாழ்ந்த எல்டன் பென்னெட், மரவெட்டிகளையும் மழைக்காட்டையும் கடற்கரையையும் பட்டுத்திரை அச்சில் படங்களாக்கியவர். திரை அச்சைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் அவர் பெயரை இழுத்துவிடுவதால், நண்பர்கள் கேட்ட கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. சில கேள்விகள் மையைப் பற்றியவை. சில மரத்தைப் பற்றியவை. கேட்டவர்கள் கேட்ட வரிசையில் இல்லை, எனக்குச் சொல்லத் தோன்றிய வரிசையில் கொடுத்திருக்கிறேன்.

யார் இந்த எல்டன் பென்னெட்?

1910-இல் கிரேஸ் ஹார்பர் பகுதியிலுள்ள காஸ்மோபோலிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். பெயர்தான் பெரிய பெயர், ஊர் சின்னது. வாழ்ந்ததும் படம் செய்ததும் பக்கத்து ஊரான ஹோக்வியத்தில். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அவர் செய்த அச்சுப் படங்கள் அமெரிக்காவின் வடமேற்கில் எத்தனையோ வீட்டு வரவேற்பறைகளில் தொங்கின. பனிக்குள் கரையும் ஊசியிலைக் காடு, தாழப் பறக்கும் பறவைக் கூட்டம், மணல்திட்டில் காற்றுக்குச் சாய்ந்த புல், காட்டின் அளவுக்கு முன்னால் எறும்பாகத் தெரியும் மனிதன் ஆகியவை அவருடைய உலகம். 1974-இல் ஒரு விமான விபத்தில் இறந்தார். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வட்டார ஓவியர் என்று சொல்வது அவரைக் குறைத்துச் சொல்வதாகாதா?

கலை விமர்சகர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரிய நகரத்துக் காட்சிக்கூடங்களில் இடம் கிடைக்காதவருக்கு ஒட்டும் முத்திரை அது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கரிசல் மண்ணை மட்டுமே எழுதியவரை நாம் சின்ன எழுத்தாளர் என்று ஒதுக்குவதில்லை. ஒரு ஊரின் மழை எந்தத் திசையிலிருந்து அடிக்கும், வெட்டிய மரம் எந்தப் பக்கம் சரியும் என்று தெரிந்து வரைவது வேறு, ஊர் சுற்ற வந்தவர் வரைவது வேறு. பென்னெட் முதல் வகை.

ஹோக்வியம் என்பது என்ன பெயர்? எங்கே இருக்கிறது?

சியாட்டிலிலிருந்து தென்மேற்கே சுமார் இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். அந்தப் பகுதியின் பூர்வகுடி மொழிச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. ‘மரத்துக்குப் பசித்தது’ என்று பொருள் சொல்கிறார்கள். ஆற்று முகத்துவாரத்தில் மிதவை மரங்கள் வந்து குவிந்து கிடப்பதைப் பார்த்து வைத்த பெயர். பின்னால் அந்த ஊர் மரத்தை எப்படித் தின்றது என்பதை நினைத்தால், பெயர் வைத்தவர்களுக்கு ஜோசியம் தெரிந்திருக்குமோ என்று தோன்றும்.

1792 மே மாதம் ராபர்ட் கிரே என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் இந்தக் கழிமுகத்துக்குள் நுழைந்தார். அவர் பெயரே விரிகுடாவுக்கு நிலைத்துவிட்டது. செஹேலிஸ், ஹோக்வியம், விஷ்கா, ஹம்ப்டுலிப்ஸ் என்று பல ஆறுகள் இங்கே வந்து கலக்கின்றன. வடக்கே ஒலிம்பிக் மலைகள். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலைகளில் மோதுவதால், இந்தப் பக்கத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சற்று உள்ளே குவினால்ட் ஏரிப் பக்கம் போனால் அதைவிடக் கூடுதல். வெப்பமண்டலக் காடாக இல்லாமலே மழைக்காடு என்ற பெயரைப் பெற்ற இடம் அது. சிட்கா ஸ்ப்ரூஸ், மேற்கத்திய ஹெம்லாக், செந்நிறச் சீடர், டக்ளஸ் ஃபர் என்று நான்கு மரங்களின் பெயரைத் தெரிந்துகொண்டால் அந்தக் காட்டில் பாதியைத் தெரிந்துகொண்டதாகும்.

பட்டுத்திரை அச்சு என்றால் என்ன? நம் ஊர் ஸ்க்ரீன் பிரிண்டிங்தானா?

அதேதான். கல்யாணப் பத்திரிகை, துணிக்கடைப் பை, டி-ஷர்ட் எல்லாம் எந்த முறையில் அச்சாகின்றனவோ, அதே முறை. வித்தியாசம் கையிலும் பொறுமையிலும் இருக்கிறது.

மரச்சட்டம் ஒன்றில் மெல்லிய துணியை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் அது உண்மையான பட்டு, இன்று பாலியெஸ்டர். துணியில் மை போகக் கூடாத இடங்களை அடைத்துவிட வேண்டும். அடுத்து, சட்டத்தைத் தாளின்மேல் வைத்து, ஒரு ஓரத்தில் மையை ஊற்றி, ரப்பர் பட்டை பதித்த மரக்கட்டையால் மறு ஓரம்வரை ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். திறந்திருக்கும் கண்கள் வழியாக மை இறங்கித் தாளில் படியும். சட்டத்தைத் தூக்கும்போது துணி தாளைவிட்டு விலகுகிற ‘சர்ர்’ என்ற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டே இழுப்பு சரியா தப்பா என்று பழகியவர் சொல்லிவிடுவார்.

ஒரு தடவை இழுத்தால் ஒரு நிறம். படத்தில் எட்டு நிறம் இருந்தால் எட்டு அடைப்புகள், எட்டு இழுப்புகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே காய வைக்கும் நேரம். நூறு படி எடுக்க வேண்டுமென்றால் எண்ணூறு தடவை கை போய் வர வேண்டும். ஒவ்வொரு நிறமும் முந்தைய நிறத்தின்மேல் மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். அச்சகத்தில் இதை ‘ரிஜிஸ்டர் சேருவது’ என்பார்கள். கல்லூரி விடுமுறையில் ஒரு பத்திரிகை அச்சுக் கடையில் இதைப் பழகப் போனேன். முதல் நாளே இரண்டாவது நிறம் அரை மில்லிமீட்டர் நகர்ந்து, முப்பது அட்டைகளில் பிள்ளையாரின் தந்தம் கன்னத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து எட்டு நிறம் சேர்ந்த படம் எதைப் பார்த்தாலும் முதலில் ஓரங்களைத்தான் பார்க்கிறேன்.

படத்தை எப்படித் துணியில் ஏற்றுவார்கள்?

போட்டோவைக் கொண்டு ஏற்றும் முறை இன்று எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஓவியர்கள் கையாலேயே செய்த காலத்தில் முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, பசையும் மையும். டூஷ் என்ற எண்ணெய்ப் பசை கொண்ட கறுப்பு மையால் தூரிகை தொட்டு நேராகப் பட்டின்மேல் வரைவார்கள். காய்ந்ததும் முழுத் துணிமேலும் தண்ணீரில் கரையும் பசையைப் பூசுவார்கள். அதுவும் காய்ந்தபின் மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்டுத் தேய்த்தால், டூஷ் கரைந்து தன்மேல் இருந்த பசையையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும். வரைந்த இடமெல்லாம் திறந்துவிடும், வரையாத இடமெல்லாம் அடைபட்டே இருக்கும். தூரிகையின் நடுக்கம்கூட அப்படியே தாளில் இறங்கும்.

இன்னொன்று, கத்தி. மெல்லிய அரக்குப் படலத்தில் உருவத்தைக் கத்தியால் வெட்டியெடுத்துத் துணியில் ஒட்டுவது. இதில் ஓரங்கள் சவரக் கத்தி போலக் கூர்மையாக வரும். மலை முகட்டுக்கும் மரத்தின் நிழலுருவத்துக்கும் இது பொருந்தும். பனிக்கும் அலைநுரைக்கும் முதல் முறை பொருந்தும்.

படிகள் பல என்றால், அது அசல் ஓவியம் ஆகுமா? வெறும் பிரதிதானே?

அதிகம் கேட்கப்படுவதும், என்னைக் கொஞ்சம் எரிச்சலூட்டுவதுமான கேள்வி இது.

பிரதி என்றால், முன்பே ஒரு அசல் இருக்க வேண்டும். எண்ணெய் ஓவியம் ஒன்றைப் படம் பிடித்து ஆஃப்செட்டில் ஆயிரம் தாள் அடித்தால் அவை பிரதிகள். திரை அச்சில் ஓவியர் நேராகத் திரையிலேயே வேலை செய்கிறார். திரைக்கு முன்னால் முழுமையான படம் எங்கும் இல்லை. கடைசி நிறம் காய்ந்த பிறகுதான் படம் பிறக்கிறது, ஒரே சமயத்தில் நூறாகப் பிறக்கிறது. ஒரே அச்சில் வார்த்த விளக்குகளில் எது அசல் என்று கேட்பீர்களா?

இந்தச் சந்தேகம் அந்தக் காலத்திலேயே இருந்தது. சாமுவேல் சைமன் என்ற ஆங்கிலேயர் 1907-இல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கிய நாளிலிருந்து, பெரும்பாலும் விளம்பரப் பலகைகளும் கடைப் பெயர்களும்தான் இதில் அச்சாயின. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் அமெரிக்க அரசு, வேலையில்லாத ஓவியர்களுக்குக் கூலி கொடுத்து வேலை வாங்கியது. அந்தத் திட்டத்தில் நியூயார்க்கில் இருந்த ஆன்டனி வெலோனிஸ், சுவரொட்டிக்குப் பயன்பட்ட திரையை ஓவியர்களின் கருவியாக மாற்றியவர்களில் முதன்மையானவர். கடைப்பலகை வாடை அடிக்கக் கூடாதென்று இந்தக் கலைக்குப் புதுப் பெயரும் வைத்தார்கள்: செரிகிராஃப். பட்டைக் குறிக்கும் லத்தீன் வேரும் வரைதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது. அந்தப் பெயரைப் பரப்பியதில் கார்ல் ஸிக்ரோஸர் என்ற அருங்காட்சியகக் காப்பாளருக்குப் பெரும் பங்கு உண்டு. பென்னெட்டின் படங்களையும் விற்பவர்கள் செரிகிராஃப் என்றே குறிப்பிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகைக் கடையில் போய் ‘செரிகிராஃப் செய்வீர்களா’ என்று கேட்டுப் பாருங்கள், விரட்டிவிடுவார்கள்.

ஆண்டி வார்ஹோலும் இதைத்தானே செய்தார்?

கருவி அதே கருவிதான். அமெரிக்க ‘பாப்’ ஓவியரான வார்ஹோல் 1962-இல் புகைப்படத்தைத் திரையில் ஏற்றி, நட்சத்திரங்களின் முகங்களை அடித்துத் தள்ளினார். இயந்திரத்தனம் தெரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். பென்னெட் அதற்கு நேர் எதிர்.

அவருடைய படங்களில் ஏன் எப்போதும் பனிமூட்டம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

முதல் காரணம் எளிது: அந்த ஊரில் பனியும் தூறலும்தான் அதிகம். குளிர்ந்த கடல்மேல் வரும் ஈரக்காற்று கரையேறும்போது மூட்டமாகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கரை இருக்காது.

இரண்டாவது காரணம் திரையின் இயல்பு. எண்ணெய் ஓவியர் ஒரு மரத்தின் உருட்சியை ஒளியும் நிழலுமாகக் குழைத்துக் காட்டுவார். திரை அச்சுக்கு அது கைவராது; அது தட்டையான நிறத்தைத்தான் தரும். பல ஓவியர்கள் இதை ஒரு குறையாக நினைத்து அதோடு மல்லுக்கட்டினார்கள். ஆனால் பனிக்காலையில் ஒரு மலையடிவாரத்தில் நின்று பாருங்கள். பக்கத்து மரம் கருமை. அடுத்த வரிசை கொஞ்சம் வெளிறிய சாம்பல், அதற்கும் அடுத்தது இன்னும் வெளிறியது, கடைசி வரிசை வானத்தோடு வானமாக. எந்த வரிசையிலும் உருட்சி இல்லை, கிளை விவரம் இல்லை. பனி ஏற்கெனவே காட்டைத் தட்டையான அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு அடுக்குக்கு ஒரு திரை. இயற்கையே நிறப்பிரிப்பு செய்து கொடுத்துவிட்ட இடத்தில் பிறந்தவருக்கு, திரை அச்சைவிடப் பொருத்தமான கருவி எது? அந்த ஊரையும் இந்தக் கருவியையும் ஒருவர் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது, அவர் சேர்த்து வைத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் சில படங்களில் வானம் மெல்ல மெல்ல நிறம் மாறுகிறதே? அது தட்டையான நிறம் இல்லையே?

நல்ல கண். அதற்கு அச்சுக்காரர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. திரையின் ஓரத்தில் ஒரே மையை ஊற்றாமல், இரண்டு மூன்று மைகளைப் பக்கம் பக்கமாக ஊற்றி இழுப்பது. நாலைந்து இழுப்புகளில் எல்லைகள் தானாகக் கலந்து, ஒரு நிறம் இன்னொன்றில் வழுக்கிக்கொண்டு போகும். மேலும் இழுக்க இழுக்க மைகள் இன்னும் கலந்துகொண்டே போவதால், முதல் தாளின் வானமும் ஐம்பதாவது தாளின் வானமும் ஒன்றாக இருக்காது. ‘வெறும் பிரதிதானே’ என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

படங்களில் வரும் மரவெட்டிகள் எப்படி வேலை செய்தார்கள்? நமக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

இரண்டு ஆள் கைகோத்தாலும் கட்ட முடியாத பருமன், இருபது மாடிக் கட்டடத்தின் உயரம். அந்த மரத்தைக் கோடரியும் ரம்பமும் மட்டும் கொண்டு சாய்க்க வேண்டும். அடிமரம் யானைக் கால் போல வீங்கியிருக்கும், பிசினும் வழியும். அதனால் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே வெட்டினார்கள். எட்டுவதற்கு, மரத்தில் கோடரியால் ஒரு பள்ளம் கொத்தி, முனையில் இரும்பு பூட்டிய பலகையை அதில் சொருகி, அதன்மேல் ஏறி நின்றுகொள்வார்கள். ஸ்பிரிங்போர்டு என்று அதற்குப் பெயர். மழையில் நனைந்த அந்தப் பலகைமேல் இரண்டு பேர் எதிரெதிராக நின்று நீள ரம்பத்தை இழுப்பார்கள். தொழிலாளர்கள் அந்த ரம்பத்துக்கு வைத்த செல்லப்பெயர் ‘மிசரி விப்’, துயரச் சாட்டை. செல்லம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்றும் அந்தக் காடுகளில் பாசி படர்ந்த பழைய அடிமரங்களைப் பார்க்கலாம். ஸ்பிரிங்போர்டு சொருகிய இரண்டு பள்ளங்கள் இரண்டு கண்கள் போல உங்களை முறைக்கும்.

சாய்த்தபின் இழுத்து வருவது தனிக் கதை. முதலில் காளை மாடுகள் இழுத்தன. குறுக்கே மரக்கட்டைகள் பதித்து எண்ணெய் தடவிய வழியில் வழுக்கிக்கொண்டு வரும். 1881-இல் கலிபோர்னியாவின் யுரேகாவில் ஜான் டோல்பியர் என்பவர் ‘டாங்கி’ என்ற நீராவி எந்திரத்தை உருவாக்கினார். கழுதை என்று பெயர் இருந்தாலும் பல ஜோடி மாடுகளின் வேலையைச் செய்தது. இரும்புக் கயிற்றைச் சுற்றிச் சுற்றி மரத்தைத் தன்னிடம் இழுக்கும். கயிறு உயரத்திலிருந்து இழுத்தால் மரம் அடிமரங்களில் முட்டாமல் வரும் என்பதால், காட்டின் நடுவே நல்ல உயரமான மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கம்பமாக்கினார்கள். ஸ்பார் மரம் என்பார்கள். அதற்கு ஓர் ஆள் ஏற வேண்டும். காலில் இரும்பு முள், இடுப்பில் மரத்தைச் சுற்றிய கயிறு, பின்னால் தொங்கும் கோடரியும் ரம்பமும். கிளைகளைக் கழித்துக்கொண்டே ஏறி, ஐம்பது அறுபது மீட்டர் உயரத்தில் உச்சியை அறுப்பார். உச்சி முறிந்து விழும் கணத்தில் மொட்டை மரம் சாட்டைபோல் முன்னும் பின்னும் ஆடும், அவரையும் சேர்த்து. கீழே நின்றவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார்களாம்.

எனக்குப் பிடித்த ஆள் இவரில்லை. ‘விசில் பங்க்’ என்ற பையன்தான். எந்திரம் ஓட்டுபவருக்கு மரம் கட்டுகிற ஆட்கள் கண்ணில் படமாட்டார்கள். நடுவே ஒரு மேட்டில் நின்று, நீளக் கம்பியை இழுத்து நீராவி விசிலால் ‘இழு’, ‘நிறுத்து’ என்று சொல்வது அவன் வேலை. விசில் ஒன்று தப்பினால் கயிற்றில் மாட்டிக்கொண்டவர் கதி அவ்வளவுதான். கூட்டத்திலேயே வயதில் சிறியவனிடம் எல்லோருடைய உயிரையும் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பென்னெட் படம் செய்த காலத்திலும் இப்படித்தான் இருந்ததா?

இல்லை. உலகப் போருக்குப் பிறகு சங்கிலி ரம்பமும் லாரியும் காட்டுக்குள் வந்துவிட்டன. காட்டு ரயில் பாதைகள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஆகவே அந்தப் பழைய மரவெட்டியின் உருவம் 1950-களில் சுவரில் தொங்கியபோது, அதைப் பார்த்தவர்களுக்கு அது தங்கள் அப்பாவின் காலம். படத்தை வாங்கியவர்களின் வீட்டில் மரவெட்டிகள் போடும் ஆணி பதித்த பழைய காலணி ஒன்று எங்கேனும் கிடந்திருக்கும்.

எவ்வளவு மரம்தான் வெட்டினார்கள்?

1924-இல் மட்டும் கிரேஸ் ஹார்பரிலிருந்து கப்பலில் போன மரம் நூறு கோடி போர்டு அடிக்கு மேல். ஒரு போர்டு அடி என்பது ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குல கனம். பின்னால் வந்த பொருளாதார நெருக்கடி ஆலைகளை மூட வைத்தது. அன்றைய ஹோக்வியத்தைவிட இன்றைய ஹோக்வியம் சிறியது. மக்கள்தொகை 9,000-க்கும் குறைவு.

காட்டை அழித்த தொழிலை அழகாகக் காட்டுவது சரியா?

நேர்மையான கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன்: அந்தப் படங்களில் இழப்பின் கணக்கு இல்லை. வெட்டவெளியாக்கப்பட்ட மலைச்சரிவு, சேறு கலந்த ஆறு, குறைந்துபோன சால்மன் மீன் ஆகியவற்றைத் தேடி இந்தப் படங்களிடம் போகக் கூடாது. 1938-இல் ஒலிம்பிக் தேசியப் பூங்கா அமைந்ததால் மலையின் நடுப்பகுதி தப்பித்தது. 1990-இல் வடக்கத்திப் புள்ளி ஆந்தை அழியும் அபாயத்திலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டபின், கூட்டரசு நிலங்களிலுள்ள பழமையான காடுகளில் மரவெட்டு பெருமளவு நின்றது. ஆலைத் தொழிலாளிகள் ஆந்தையைத் திட்டினார்கள், சூழலியலாளர்கள் கம்பெனிகளைத் திட்டினார்கள். பென்னெட் இதற்கெல்லாம் முன்பே போய்விட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் படங்களில் மனிதன் காட்டை வென்றவனாக நிமிர்ந்து நிற்பதில்லை. மரத்தின் அளவு மரத்தின் அளவாகவே இருக்கிறது, மனிதனின் அளவு மனிதனின் அளவாக. தொழிலைப் போற்றும் விளம்பரப் படத்தில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கும்.

அந்த நிலத்தின் பூர்வகுடிகள்?

குவினால்ட், செஹேலிஸ் மக்களின் நிலம் அது. சீடர் மரத்தைக் குடைந்து படகு செய்து கடலுக்குப் போனவர்கள். அதன் பட்டையிலிருந்து கூடையும் உடையும் செய்தவர்கள். 1855-56-இல் கையெழுத்தான ஒலிம்பியா ஒப்பந்தத்தில் குவினால்ட் மக்களின் பெரும்பரப்பு நிலம் போயிற்று. இன்று குவினால்ட் தேசம் என்ற பெயரில் தங்கள் காடுகளையும் மீன்வளத்தையும் அவர்களே நிர்வகிக்கிறார்கள். பென்னெட்டின் படத்தில் ஊர் இல்லாத வெறும் கரை தெரியும்போது, அது வெறும் கரையாக இருந்ததில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

படங்களை ஏன் மலிவாக விற்றார்?

மரத்தொழில் ஊரில் மரத்தொழிலாளி வாங்க முடியாத படத்தைச் செய்து யாருக்கு விற்பது? சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையிலேயே வைத்திருந்தார். பெயர் பரவியபின்னும் அதை விடவில்லை. திரை அச்சின் பொருளாதாரமும் அதற்கு இடம் கொடுத்தது. பெரிய இயந்திரம் வேண்டாம், அச்சகம் வேண்டாம்; சட்டம், துணி, மை, ஒரு நீள மேசை போதும். கலைச் சந்தையில் படிகளின் எண்ணிக்கையைக் குறைத்து விலையை ஏற்றுவது வழக்கம். பல படி எடுக்க முடிகிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே சிலவற்றோடு நிறுத்தி அருமை காட்டுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகவே படும்.

இதேபோல் வேறு யாராவது செய்திருக்கிறார்களா?

கனடாவில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1942-இல் தொடங்கி, டொராண்டோவின் சாம்ப்ஸன்-மாத்யூஸ் நிறுவனம், தேசியக் கலைக்கூடத்தோடும் ஏ. ஒய். ஜாக்சன், ஏ. ஜே. காசன் போன்ற ஓவியர்களோடும் சேர்ந்து, கனடா நாட்டு நிலக்காட்சிகளைப் பெரிய அளவில் திரை அச்சில் எடுத்தது. போர்வீரர்களின் முகாம்களுக்குப் போனவை பிறகு பள்ளிக்கூடச் சுவர்களுக்கும் வங்கிகளுக்கும் வந்தன. பனியும் பாறையும் பைன் மரமும் என்றால் ஒரு தலைமுறைக் கனடியர்களுக்கு அந்தப் படங்கள்தான் நினைவுக்கு வரும். அது ஒரு நிறுவனத்தின் வேலை. நிறையப் பேர் கூலிக்கு இழுத்தார்கள். பென்னெட் செய்தது ஒரு கைத்தொழில்.

எப்படி இறந்தார்?

1974 ஜனவரி 30 இரவு. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புறப்பட்ட பான் ஆம் 806 விமானம், வழியில் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் இறங்கும்போது, ஓடுபாதைக்குச் சற்று முன்னால் மழையும் காற்றும் வீசிய நேரத்தில் மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 101 பேரில் 97 பேர் இறந்தார்கள். பென்னெட்டும் மனைவி ஃப்ளோராவும் அவர்களில் இருவர்.

ஒரு படம் கையில் கிடைத்தால், உண்மையான திரை அச்சா, ஆஃப்செட் தாளா என்று எப்படிப் பார்ப்பது?

நகை மதிப்பிடுபவர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். ஆஃப்செட்டாக இருந்தால் நிறங்கள் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக உடையும். திரை அச்சில் நிறம் முழுப் படலமாக இருக்கும், புள்ளி இருக்காது. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைச் சாய்த்துப் பிடித்தால், ஒரு நிறத்தின்மேல் இன்னொன்று ஏறிய ஓரம் மெல்லிய படிக்கட்டாகத் தெரியும். பென்சிலில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். விரல் வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் விரலின் எண்ணெய்ப் பசை தாளில் ஏறிவிடும்.

வீட்டில் மாட்டினால் எப்படிப் பராமரிப்பது?

நேர் வெயில் படாத சுவர். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விடும் அமிலமில்லாத அட்டை. லேமினேட் செய்தால் எல்லாம் போயிற்று. அந்தப் படிக்கட்டு ஓரங்களை நசுக்கி, ஐம்பது வருடப் படத்தை மளிகைக் கடைக் காலண்டராக்கிவிடும்.

நானும் இப்படி ஒன்று செய்து பார்க்கலாமா?

தாராளமாக. பழைய படச்சட்டம் ஒன்றில் பாலியெஸ்டர் மெஷ் துணியை இறுக்கமாக அடித்துக்கொள்ளுங்கள். முதலில் அரக்கும் டூஷும் வேண்டாம். மெல்லிய தாளில் மலை முகட்டை வெட்டி, திரைக்கு அடியில் வைத்தாலே மையின் ஈரம் அதை ஒட்ட வைத்துவிடும். மூன்று தாள்கள் வெட்டுங்கள்: தூரத்து மலை, நடு மரங்கள், முன் மரங்கள். ஒரே கறுப்பு மையில் வெள்ளையைக் கலந்து மூன்று சாம்பல்கள். வெளிறியதை முதலில் அடியுங்கள், கருத்ததைக் கடைசியில். மேசையில் தாளின் மூலைக்கு மூன்று அட்டைத் துண்டுகளை ஒட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் தாளை அதில் முட்டி வையுங்கள். ரிஜிஸ்டருக்கு அதுவே போதும். மூன்றாவது இழுப்பு முடிந்து திரையைத் தூக்கும்போது, தட்டையாகக் கிடந்த சாம்பல் திடீரென்று தூரமாகப் பின்வாங்கும். அதைப் பார்த்தபின் கடையில் அடித்த பத்திரிகையை நீங்கள் பழைய கண்ணால் பார்க்க மாட்டீர்கள்.

அந்தப் பக்கம் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

ஹோக்வியத்தின் எல்லைக்குள்ளேயே, சின்ன விமான ஓடுபாதைக்கு அருகில், போவர்மன் பேசின் என்ற சேற்றுநிலம் இருக்கிறது. கிரேஸ் ஹார்பர் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் பகுதி. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே தொடக்கம்வரை, தென்னமெரிக்காவரை போய் வட துருவப் பக்கம் திரும்பும் உள்ளான் பறவைகள் இங்கே இரை தின்ன இறங்கும். எண்ணிக்கை லட்சக்கணக்கில். கடல் நீரேற்றம் உச்சத்துக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். தண்ணீர் ஏற ஏறச் சேறு சுருங்கி, பறவைகள் பலகைப் பாதைக்கு அருகே நெருங்கி வரும். வல்லூறு ஒன்று மேலே தென்பட்டால் போதும், மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழும்பும். முதுகு தெரியும்போது பழுப்பு, திரும்பினால் வயிறு வெள்ளை. பின்னால் சாம்பல் நிற நீரும், அதற்கும் பின்னால் வெளிறிய மரவரிசையும்.

மழைக்கோட்டு எடுத்துப் போங்கள்.